பிழைச்செய்தி என்னும் பொய்யுரை

2019 அக்டோபர் 24க்குப் பிறகு, ஆப்பிள் கணினிகளுக்கென்று முன்னரே உருவாக்கி மேசை இழுப்பறையில் போட்டு வைத்திருந்த நிறுவல் பென்டிரைவ்களை எடுத்துச் செருகியவர்கள் பலருக்கு ஒரே வாக்கியம் காணக் கிடைத்தது. நிறுவல் செயலியின் இந்தப் பிரதி சேதமடைந்திருக்கிறது, இதைக்கொண்டு மேக்ஓஎஸ்ஸை நிறுவ முடியாது என்பது அதன் சாரம். பிரதி சேதமடைந்திருக்கவில்லை. அதில் ஒரு பைட்டும் மாறியிருக்கவில்லை. அதன் நம்பகத்தன்மைக்கு அத்தாட்சியாக அந்நிறுவனமே ஒட்டியிருந்த மின்னணுச் சான்றிதழின் காலக்கெடு முடிந்துபோயிருந்தது, அவ்வளவே. கணினியின் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளி வைத்தவர்களுக்கு, ‘சேதமடைந்த’ அதே பிரதி ஒரு குறையுமின்றி வேலை செய்தது. 2016 பிப்ரவரியில் வேறொரு சான்றிதழ் காலாவதியானபோதும் ஏறக்குறைய இதே நாடகம்தான்; அப்போது, பதிவிறக்கத்தில் கோப்பு சிதைந்திருக்கலாம், அல்லது யாரேனும் அதில் கை வைத்திருக்கலாம் என்று எச்சரித்தார்கள். இடையே மூன்றரை ஆண்டுகளுக்குமேல் கழிந்தும் ‘காலாவதி’ என்ற ஒரு சொல்லைச் சேர்க்க அவர்களுக்குத் தோன்றவில்லை.

இலக்கியம் பேசுகிற இடத்தில் இந்தச் செய்திக்கு என்ன வேலை என்று கேட்கும் நண்பர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: ‘சேதம்’ என்பது ஒரு சொல். அதற்கு ஒரு பொருள் இருக்கிறது. ஒற்று மிகுமா மிகாதா என்பதற்காக இதழ் இதழாகச் சண்டையிடுகிறவர்கள் நாம். ஒரு மொழிபெயர்ப்பாளர் ‘துயரம்’ என்ற இடத்தில் ‘சோகம்’ என்று போட்டுவிட்டால் அவரை எளிதில் விடமாட்டோம். ஆனால் எந்தக் கவிஞரின் வரியைவிடவும், எந்த நாவலாசிரியரின் பத்தியைவிடவும் அதிகம் பேர், அதிகப் பதற்றத்தோடு, ஒவ்வொரு எழுத்தாக வாசிக்கிற உரைநடை கணினித் திரையில் தோன்றும் பிழைச்செய்தியாகவே இருக்கும். அந்த உரைநடையை யாரும் விமர்சிப்பதில்லை. அது அசரீரியைப் போலக் கேள்விக்கு அப்பாற்பட்டதாக இருந்துவருகிறது. இயங்குதளத்தை நிறுவுவதற்கான பென்டிரைவ் ஒன்றை உருவாக்க முயன்று தோற்றவர்களில் பெரும்பாலோர் இயந்திரத்திடம் தோற்கவில்லை, மோசமான வாக்கியங்களிடம் தோற்றார்கள் என்பதே எங்கள் தரப்பு.

இதில் இழப்பதற்கு நமக்கு ஏதும் இல்லை என்று யாரும் எண்ண வேண்டாம். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்றோடு முடித்துக்கொண்டது. தனியே பதிவு செய்துகொள்ளும் வீட்டுப் பயனர்களுக்கு மட்டும் ஓராண்டு நீட்டிப்பு. விண்டோஸ் 11க்கோ டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், இன்டெல் செயலியானால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ வேண்டும். எழுதவும் திருத்தவும் மெய்ப்புப் பார்க்கவும் இன்னும் பத்தாண்டு தாங்கக்கூடிய கணினிகள், ஒரு நிறுவனத்தின் அட்டவணையில் இல்லை என்பதனால் மட்டும் குப்பையென்று அறிவிக்கப்படுகின்றன. சிற்றிதழ் நடத்துகிறவர்களின் முன்னறையில் இருப்பது இத்தகைய கணினிதான். அதில் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் கோத்த பேஜ்மேக்கர் கோப்புகளாக, அச்சுப் பிரதிகூட மிஞ்சாத பழைய இதழ்கள் கிடக்கின்றன. 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் மாணவர்கள் பெற்ற கணினிகளும் பல வீடுகளில் பரண் ஏறிவிட்டன. அவற்றை எழுப்ப வழியிருக்கிறது. விலையில்லாத லினக்ஸ் ஒன்றைப் பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்து பூட் செய்து நிறுவிக்கொள்ளலாம். நானூறு ஐந்நூறு ரூபாய் பென்டிரைவும் ஓர் அரை நாளும் போதும். அந்த அரை நாளை மூன்று நாளாக்கி, கடைசியில் ‘புதுசே வாங்கிடலாம்’ என்று சொல்ல வைப்பது எது என்பதே கேள்வி.

முதல் குற்றச்சாட்டை அந்த 2025ஆம் ஆண்டிலிருந்தே எடுத்துக்கொள்வோம். விண்டோஸ் 11 நிறுவல் பென்டிரைவை உருவாக்குவதற்கென்று மைக்ரோசாஃப்டே இலவசமாக வழங்கும் கருவி ஒன்று உண்டு. செப்டம்பர் 29 அன்று அதன் புதிய பதிப்பு வந்தது. விண்டோஸ் 10 கணினியில் அதை இயக்கினால் அது தோன்றி, ஒரு சொல்கூடச் சொல்லாமல் மூடிக்கொண்டது. ஆதரவு முடிய இரண்டு வாரமே இருந்த வேளையில், எந்தக் கணினியிலிருந்து மக்கள் வெளியேற வேண்டுமோ அந்தக் கணினியில் வெளியேறும் கதவு திறக்கவில்லை. பிழையை நிறுவனம் பின்னர் ஒப்புக்கொண்டது, அக்டோபர் இறுதியில் சரியும் செய்தது. பிழை யாருக்கும் நேரும், அதைப் பற்றி எங்களுக்குப் புகாரில்லை. எங்கள் புகார் அந்த மௌனத்தைப் பற்றியது. இடைப்பட்ட நாள்களில் எத்தனை பேர் தம் பென்டிரைவைச் சந்தேகித்திருப்பார்கள், இணைய இணைப்பைச் சந்தேகித்திருப்பார்கள், தம் அறிவையே சந்தேகித்திருப்பார்கள்? இதற்கு ஓராண்டு முன்பு மௌனத்தின் இன்னொரு வகையைப் பார்த்தோம். 2024 அக்டோபர், நவம்பர் மாதப் பாதுகாப்புத் திருத்தங்களைச் சேர்த்து உருவாக்கிய விண்டோஸ் 11 நிறுவல் பென்டிரைவிலிருந்து நிறுவிய கணினிகள், அதன்பின் வரும் திருத்தங்களை ஏற்க மறுக்கக்கூடும் என்று பின்னர் தெரிவித்தார்கள். பென்டிரைவ் எழுதப்பட்டது, பூட் ஆனது, நிறுவல் முடிந்தது, எல்லாம் நலம் என்றது திரை.

இனி, திரைக்குப் பின்னால் நடப்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்த்துவிடலாம். இயங்குதளம் நமக்கு ஓர் ஐஎஸ்ஓ கோப்பாக வந்து சேர்கிறது. அது குறுந்தகட்டுக் காலத்துச் சரக்கு; ஒரு முழுத் தகட்டின் உள்ளடக்கத்தை அப்படியே வார்த்தெடுத்த அச்சு. தகட்டிலிருந்து கணினியை எழுப்புவதற்கான விதிமுறை 1995இல் வகுக்கப்பட்டது. எல் டொரிட்டோ என்று அதற்குப் பெயர். (அதை வகுத்த பொறியாளர்கள் சாப்பிடப்போன உணவகத்தின் பெயராம். இந்தத் துறையில் நகைச்சுவைக்குப் பஞ்சமில்லை, விளக்கத்துக்குத்தான்.) அந்தக் கோப்பைப் பென்டிரைவுக்குள் நகலெடுத்துப் போட்டால் கணினி எழுந்துவிடாது. அது, கட்டுப் பிரிக்காத பார்சலை அலமாரியில் அடுக்கிவிட்டுப் புத்தகத்தைத் தேடுவது போன்றது. இவ்வளவு தூரம் பலரும் அறிவார்கள். யாரும் சொல்லாதது இதற்கு அடுத்த விஷயம். பெரும்பாலான லினக்ஸ் ஐஎஸ்ஓக்கள் இரட்டைப் பிறவிகள். தகடாகவும் வட்டாகவும் ஒருசேர இயங்கும்படி அவற்றைச் சமைத்திருக்கிறார்கள். ஆகவே முதல் பைட்டிலிருந்து கடைசி பைட் வரை அப்படியே பென்டிரைவின் மேல் எழுதிவிட்டால் போதும். விண்டோஸ் ஐஎஸ்ஓ அப்படிப்பட்டதன்று. அதை அப்படியே எழுதினால் எழுதும் மென்பொருள் நூறு விழுக்காடு முடிந்தது என்று காட்டலாம், பென்டிரைவ் எழாது. அதற்குப் பென்டிரைவை முறையாகப் பகுத்து, உள்ளிருக்கும் கோப்புகளைப் பிரித்து வைக்க வேண்டும். ஒரு நண்பருக்கு லினக்ஸில் கைகொடுத்த மென்பொருள் இன்னொரு நண்பருக்கு விண்டோஸில் கைவிட்டதன் இரகசியம் இவ்வளவுதான். ‘அந்த சாஃப்ட்வேர் ராசியில்லை’ என்ற முடிவுக்கு இருவரும் வந்து சேர்வார்கள்.

பிரித்து வைக்கும்போது அடுத்த முடிச்சு. இன்றைய கணினிகளைத் துயிலெழுப்பும் யூஇஎஃப்ஐ என்ற அடிநிலை மென்பொருள் ஃபேட் வகைக் கோப்பு அமைப்பைக் கட்டாயம் வாசிக்க வேண்டும் என்பது விதி. என்டிஎஃப்எஸ்ஸை வாசிக்க வேண்டும் என்ற கட்டாயம் அதற்கு இல்லை. ஃபேட்32இலோ ஒரு தனிக் கோப்பு 4 கிகாபைட்டைத் தொடக்கூடாது, ஒரு பைட்டாவது குறைந்திருக்க வேண்டும். விண்டோஸ் ஐஎஸ்ஓவுக்குள் இருக்கும் இன்ஸ்டால்.விம் என்ற கோப்பு பல பதிப்புகளில் இந்த எல்லையைத் தாண்டிவிடுகிறது. இருபத்தைந்து கிகாபைட் காலியாக இருக்கும் பென்டிரைவில், சேருமிடத்துக் கோப்பு அமைப்புக்கு இந்தக் கோப்பு மிகப் பெரியது என்ற அறிவிப்பு வரும். நியாயமாகச் சொன்னால், இந்தப் பட்டியலிலேயே நேர்மையான வாக்கியம் இது ஒன்றுதான். காரணம் அதிலேயே இருக்கிறது, எழுவாய் சரியாக இருக்கிறது. ஆனால் இடமிருந்தும் இடமில்லை என்கிறதே என்று வாசகர் மயங்குவார் என்பதை அதை எழுதியவர் எண்ணிப் பார்க்கவில்லை. தீர்வுகள் உண்டு. டிஸ்ம் கருவியால் அந்தக் கோப்பை இரண்டு துண்டாக்கலாம். பீட் பட்டார்ட் 2011 முதல் உருவாக்கிவரும் ரூஃபஸ் செய்வதுபோல, பெரும்பகுதியை என்டிஎஃப்எஸ்ஸாக வைத்து, அதை வாசிக்கக் கற்றுக்கொடுக்கும் சின்னஞ்சிறு ஃபேட் பகுதி ஒன்றைப் பக்கத்தில் அமர்த்தலாம். தான் செய்வது என்ன, ஏன் என்பதை இவ்வளவு விரிவாக எழுதி வைத்திருக்கும் மென்பொருள் ஆசிரியர்கள் அரிது என்பதற்காகவே அவர் பெயரை இங்கே சொல்கிறோம்.

இப்போது, எங்களை அதிகம் சீண்டும் வாக்கியத்துக்கு வருவோம். விண்டோஸ் கணினியில் அமர்ந்து லினக்ஸ் பென்டிரைவ் ஒன்றை வெற்றிகரமாக எழுதி முடித்த மறுகணம், இந்த டிரைவைப் பயன்படுத்தும் முன் ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யவா என்று ஒரு பெட்டி எழும். எவ்வளவு பணிவான வினா! வாசகர் ‘சரி’ என்பதை அழுத்துகிறார். அரை மணி நேர உழைப்பு பாழாகிறது. பிறகு பூட் ஆகவில்லை என்று மறுபடி எழுதுகிறார், மறுபடி அதே பணிவு, மறுபடி ‘சரி’. மறுத்தவர்களுக்கு வேறு தண்டனை காத்திருக்கிறது. 16 கிகாபைட் பென்டிரைவ் சில மெகாபைட்டாகச் சுருங்கிக் காட்சி தரும், பென்டிரைவே போய்விட்டது என்று அவர்கள் அதைத் தூக்கி எறிவார்கள். உண்மை என்னவென்றால், அதிலிருக்கும் பகுதிகளில் ஒன்றை மட்டுமே விண்டோஸுக்கு வாசிக்கத் தெரிகிறது. ‘இதில் எனக்கு வாசிக்கத் தெரியாத ஏதோ இருக்கிறது’ என்று சொல்லியிருக்க வேண்டிய இடத்தில், ‘இதை அழித்துவிடலாமா’ என்று கேட்கிறது. தமக்குப் புரியாத கவிதையைக் கவிதையே அல்ல என்று தீர்ப்பெழுதும் விமர்சகர்களை நாம் நன்கறிவோம். அவர்கள்கூட அடுத்த வரியில் தாளைக் கிழிக்க அனுமதி கேட்டதில்லை.

விண்டோஸ் நிறுவல் பாதி வழியில் நின்று, உங்கள் கணினிக்குத் தேவையான ஊடக டிரைவர் ஒன்றைக் காணவில்லை என்று சொல்வதும் இந்த இனமே. டிரைவர் உண்மையிலேயே இல்லாதிருக்கலாம்; புதிய மடிக்கணினிகள் சிலவற்றில் சேமிப்பகத்துக்கான இன்டெல் டிரைவரைத் தனியே ஏற்ற வேண்டும். ஐஎஸ்ஓ அரைகுறையாக இறங்கியிருந்தாலும் இதே வாக்கியம் வரும். பென்டிரைவ் பழுதாக இருந்தாலும் வரும். விண்டோஸ் 7 பென்டிரைவை யூஎஸ்பி 3.0 துளையில் செருகியிருந்தாலும் வரும், ஏனெனில் அந்தப் பதிப்புக்கு அத்துளையின் மொழி தெரியாது. வெவ்வேறு நோய்கள் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் சூட்டும் மருத்துவரிடம் நாம் இரண்டாம் முறை போவோமா?

2024 ஆகஸ்ட் 13 அன்று வந்த விண்டோஸ் திருத்தத்தின் கதை இன்னும் இலக்கியச் சுவை மிக்கது. பழைய, ஓட்டையுள்ள துவக்க நிரல்களைத் தடுக்கும் பட்டியல் ஒன்று அதில் வந்தது. லினக்ஸும் உடனிருக்கும் கணினிகளில் இது செயல்படாது என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருந்தது, ஆனால் பல கணினிகளில் செயல்பட்டது. மறுநாள் லினக்ஸைத் தொடங்கியவர்கள், பழைய லினக்ஸ் பென்டிரைவைச் செருகியவர்கள், கருந்திரையில் வாசித்தது இதுதான்: எஸ்பேட் சுயபரிசோதனை தோற்றது, பாதுகாப்புக் கொள்கை மீறப்பட்டது, ஏதோ மிகக் கடுமையான தவறு நேர்ந்துவிட்டது. தோன்றா எழுவாய் என்று நம் இலக்கணம் ஒன்றைச் சொல்லும். எழுவாய் வெளிப்படையாக இராது, ஆனால் வினைமுற்றைக்கொண்டு யாரென்று தெரிந்துகொள்ளலாம். இங்கே அதுவும் இயலாது. யார் மீறினார்கள்? எந்தக் கொள்கையை? யாருடைய தவறு? கொள்கையை வகுத்தது ஒரு நிறுவனம், பட்டியலை மாற்றியது அதே நிறுவனம், குற்றவாளிக் கூண்டில் நின்றதோ கணினியின் உரிமையாளர். முழுமையான திருத்தம் 2025 மே மாதத்தில்தான் வந்தது. அந்த ஒன்பது மாதமும் அவ்வாக்கியம் அப்படியேதான் இருந்தது.

நிறுவனங்களை மட்டும் சாடிவிட்டு நகர்ந்துவிட்டால் நாங்கள் பாதி உண்மையே சொன்னவர்கள் ஆவோம். வாக்கியம் புரியாமல் தவிப்பவர் அடுத்து நாடுவது ஆலோசகர்களை. அவர்கள் தருவது பரிகாரம். வேறு துளையில் செருகு. வேறு பென்டிரைவ் பார். வேறு மென்பொருளால் எழுது. செக்யூர் பூட்டை அணை. பயாஸை மீட்டமை. எள்தீபம் ஏற்றச் சொல்வது ஒன்றுதான் பாக்கி. இவற்றுள் சில பலிக்கின்றன என்பதே சிக்கல். பின்பக்கத் துளையில் செருகு என்ற அறிவுரைக்கு விண்டோஸ் 7 காலத்தில் மேலே சொன்ன தெளிவான காரணம் இருந்தது. காரணம் மறந்து சடங்கு நிலைத்துவிட்டது. பரிகாரத்தால் தீங்கென்ன என்று கேட்கலாம். பிட்லாக்கர் பூட்டு போட்ட கணினியில் செக்யூர் பூட்டை அணைத்தால், அடுத்த முறை அது 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கக்கூடும். அந்த எண் எங்கே சேமிக்கப்பட்டிருக்கிறது என்று அறியாதவர் அந்தக் கணத்தில் தம் கோப்புகள் அத்தனையையும் இழந்து நிற்பார். அணை என்று ஒற்றை வரியில் சொன்னவர் அதற்குள் வேறொருவருக்குப் பரிகாரம் சொல்லப் போயிருப்பார். கூலியின்றி உதவுகிறவர்கள் இவர்கள் என்பதை மறுக்கவில்லை. ஏன் என்று ஒரு வரி சேர்க்க அவர்களை எது தடுக்கிறது என்பதே எங்கள் கேள்வி.

ஏனென்றால் விஷயம் ஒன்றும் மறைஞானம் அன்று. கோப்பு முழுமையாக வந்ததா? வெளியிட்டவர்கள் தந்திருக்கும் ஷா256 கூட்டுத்தொகை 64 எழுத்து. விண்டோஸின் செர்ட்யூட்டில் கட்டளையோ லினக்ஸின் ஷா256சம் கட்டளையோ நம் கோப்புக்கு அதே 64 எழுத்தைத் தந்தால் கோப்பின்மேல் இனிச் சந்தேகம் வேண்டாம், தரவில்லையென்றால் மற்ற எதையும் தொட வேண்டாம். பென்டிரைவ் நாணயமானதா? 64 கிகாபைட் என்று அச்சிட்டு உள்ளே எட்டை வைத்து விற்கும் போலிகள் சந்தையில் உண்டு. அவை எல்லை தாண்டியதும் எழுதுவதுபோல் பாவனை செய்யும், பிழையும் காட்டாது. எஃப்3 போன்ற கருவியால் முழுக்க எழுதி முழுக்க வாசித்துப் பார்த்தால் சாயம் வெளுத்துவிடும். அந்த ஐஎஸ்ஓ விரும்பும் முறையில் எழுதினோமா என்பதை மேலே பேசியாயிற்று. எஞ்சியது கணினியின் சம்மதம்: எஃப்12, எஸ்கேப் என்று நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் விசையை அழுத்தித் துவக்கப் பட்டியலை வரவழைத்து, பென்டிரைவ் அதில் தெரிகிறதா, பழைய பயாஸ் முறையில் தெரிகிறதா, யூஇஎஃப்ஐ முறையில் தெரிகிறதா என்று பார்ப்பது. அதே பென்டிரைவ் இன்னொரு கணினியில் எழுகிறதென்றால் பென்டிரைவை விடுவித்துவிட்டுக் கணினியின் அமைப்புகளை விசாரிக்கலாம். இரண்டிலும் எழவில்லையென்றால் திரும்பிக் கோப்புக்கும் எழுதிய முறைக்கும் போகலாம். ஒரு பாடபேதத்தைத் தீர்க்கும் பதிப்பாசிரியர் செய்வதும் இதுதானே? எந்தச் சுவடியில் பிழை புகுந்தது என்று ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டு வருகிறார். சுவடி ராசியில்லை என்று வேறு சுவடிக்குத் தாவுவதில்லை.

ஆனால் அந்தப் பதிப்பாசிரியரின் வாரிசுகளான நாமோ, ‘எனக்கு இந்தக் கம்ப்யூட்டர் சமாச்சாரமெல்லாம் வராது’ என்பதை ஓர் இலக்கியத் தகுதியாகவே சொல்லிக்கொண்டிருக்கிறோம். மேடையில் சொன்னால் சிரிப்பும் கிடைக்கிறது. தமிழில் இவற்றைப் பற்றி எழுதப்படுவது பெரும்பாலும் இரண்டு வகையாக இருப்பதற்கு இந்த மேட்டிமைத்தனமும் ஒரு காரணம். ஒரு வகை, ஆங்கிலப் பொத்தான்களின் பெயரைத் தமிழ் எழுத்தில் வரிசையாக அடுக்கி ‘கிளிக் செய்யவும்’ என்று முடிப்பது. மற்றொன்று, யாரும் புழங்காத கலைச்சொற்களைத் தொடுத்து நாலு வரிக்குள் வாசகரை விரட்டிவிடுவது. இரண்டிலும் ‘ஏனென்றால்’ என்ற சொல்லைத் தேடிப்பாருங்கள், கிடைக்காது. உரைநடை எழுதத் தெரிந்தவர்கள் இந்தப் பக்கம் வருவதில்லை, வந்தவர்களுக்கு உரைநடை ஒரு பொருட்டில்லை.

நிறுவல் தொடங்கியதும் வரும் கடைசித் திரையிலும் இதே அலட்சியம் காத்திருக்கிறது. லினக்ஸ் நிறுவிகள் பல ‘வட்டை அழித்து நிறுவு’ என்கின்றன. விண்டோஸ் ‘வட்டு 0’, ‘வட்டு 1’ என்று எண்ணைக் காட்டுகிறது. எந்த வட்டில் நம் இருபதாண்டு இதழ்கள் இருக்கின்றன என்பதை அந்த எண் சொல்லாது, கொள்ளளவைப் பார்த்து நாமேதான் அடையாளம் காண வேண்டும். ஆகவே அந்தத் திரைக்கு வருமுன்பே, வெளி வட்டொன்றில் எல்லாவற்றையும் நகலெடுத்து, அந்த வட்டைக் கணினியிலிருந்து கழற்றி வைத்துவிடுங்கள். பேஜ்மேக்கர் கோப்புகளை மட்டும் எடுத்துக்கொண்டு எழுத்துருக்களை விட்டுவிடாதீர்கள். அந்த எழுத்துருக்கள் இல்லாத கணினியில் திறந்தால், சிறுகதையென்று நாம் நினைத்திருந்த இடத்தில் ரோமன் எழுத்தும் நிறுத்தற்குறியும் கலந்த கிறுக்கல்தான் தெரியும். கோப்பு கெட்டுவிட்டது என்று அதைப் பார்த்து யாராவது சொல்லவும் கூடும்.